ஏரிக்கரையில் உன் அறையை இடித்த செய்தி

என்னைத் திட்டுவதற்கு இந்த மைசூரில் உரிமையிருந்த ஒரே ஆளான என் எஸ்தர் அக்காவுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது. தோட்டத்துக் கடைசியில் நீ கட்டிய பிரசவ அறையை இடித்துவிட்டோம். இடிக்கச் சொன்னவள் நான்தான். இதற்குள் நீ திட்ட ஆரம்பித்திருப்பாய். திட்டி முடித்துவிட்டு மீதியையும் கேள்.

உன் நினைவு நாளுக்காகச் சபைப் பத்திரிகையில் போட நாலு வரி எழுதித் தரும்படி போதகர் ஐயர் கேட்டார். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ என்று ஆரம்பித்தேன். நீ நித்திரை செய்கிற ஆளா? பிள்ளைவலி என்று யார் கதவைத் தட்டினாலும் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருப்பாயே. அந்தத் தாளைக் கசக்கிப் போட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். ஐயர் போட்டால் போடட்டும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா, எஸ்தர் ரூமை இடிச்சுட்டியாமே?” என்று கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். எல்லோருக்கும் ஒரே பதில்.

நம் வீட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாசல் ரோட்டைப் பார்த்தது. பின்கட்டைத் தாண்டினால் நிலம் சரிந்து ஏரியில் இறங்குகிறது. அப்பா கிணறு வெட்டிய மண்ணையெல்லாம் அந்தச் சரிவில் கொட்டி நிரவித்தான் பின்முற்றத்தைச் சமமாக்கினார். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த வேலையை விட்டு வந்த பிறகு நீ அந்த முற்றத்தின் விளிம்பில் உன் அறையைக் கட்டினாய். கல்சுவர், கல்பலகைக் கூரை, ஏரியைப் பார்த்த ஜன்னல். இவ்வளவு ஓரத்தில் எதற்கு என்று கேட்டதற்கு, “வலியில கெடக்கிறவளுக்குக் கண்ணு போற தூரத்துக்கு ஏதாவது வேணும்டி” என்றாய். நீ போன பிறகு அத்தான் தன் கட்டிலை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஊர் ஊராகச் சுற்றிய உன் வீட்டுக்காரர், அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

தசரா ஊர்வலத்தன்று மழை பிடித்தது, அக்கா. யானைகள் நனைந்துகொண்டே, ஊர்வலம் முடிகிற பன்னிமண்டபத்துக்குப் போயின. அதற்குப் பிறகு வெறிக்கவே இல்லை. சாமுண்டி மலை இருக்கிற திசையில் வெறும் சாம்பல் நிறம்தான். ஏரி ஏறிக்கொண்டே வந்து, நாம் துணி துவைக்கிற கல்லை மூழ்கடித்து, கொய்யா மரத்தின் வேரை நக்கியது.

ஒரு காலை, துணி காயப்போட இடம் தேடிப் பின்முற்றத்துக்குப் போனேன். கொய்யா மரத்தடியிலிருந்து உன் அறைக்குப் பின்னால் வளைந்து குளியலறை மூலைவரை தரையில் ஒரு கோடு. தையல் வகுப்பில் நான் சாக்கட்டியால் இழுக்கிற கோடு மாதிரி மெல்லியது. வெடிப்பு காய்ந்த நிலத்தில்தானே வரும், இவ்வளவு நனைந்த நிலத்தில் எப்படி என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய்விட்டேன். சாயங்காலம் திரும்பியபோது அதற்குள் என் விரல் போனது. மறுநாள் விடிந்ததும் பார்த்தால், ஏரிப் பக்கத்து மண் ஒரு படி இறங்கி நின்றது. உன் அறை அந்தப் படியின் மேல் நின்றது.

அத்தானிடம் சொன்னேன். படுத்தபடியே கேட்டார்.

“மண்ணுன்னா கொஞ்சம் உக்காரத்தான் செய்யும் சாராள். ரயில் ரோட்டுக் கரை எத்தனை பாத்திருக்கேன். போய்க் காப்பி கொண்டா.”

காப்பி கொடுத்துவிட்டு நேரே அடுத்த சந்துக்கு ஓடினேன். அங்கே மதில் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி மாதப்பனைக் கூட்டி வந்தேன். கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்துக்காரர். நம் சபைக்காரர்கள் வீடுகளில் அவர் வேலை பார்த்ததுண்டு. வந்தவர் வெடிப்பின் ஓரமாகவே நடந்தார், குனிந்து கையை விட்டுப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, இது வெடிப்பு இல்லீங்க. கரையே கெளம்பிருச்சுங்க.”

கரை கிளம்புமா? கிளம்பி எங்கே போகும்?

அன்றைக்கே ஆட்களை வைத்து மேல்முற்றத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார். கூரைத் தண்ணீரும் வாசல் தண்ணீரும் பின்னால் வராமல் பக்கத்துச் சாக்கடைக்குத் திரும்பின. வெடிப்புக்குள் களிமண்ணைத் திணித்து மிதித்து, மேலே கீற்றுப் போட்டு மூடினார்கள். அது வரைக்கும் சரி. பிறகு சரிவின் அடியில் சவுக்குக் கம்பங்களை வரிசையாக அடித்து இறக்கினார். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் சமையலறைப் பாத்திரம் அதிர்ந்தது. கம்பங்கள் நின்றதைப் பார்த்து ஸ்தோத்திரம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அத்தனையும் ஏரியைப் பார்த்துச் சாய்ந்துவிட்டன.

மாதப்பன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தப்புப் பண்ணிப்போட்டனுங்க. அடிக்க அடிக்க மண்ணு கொழகொழன்னு ஆயிருச்சு. இனி இதுல கை வெக்க எனக்கே பயமாருக்குதுங்க.”

அக்கா, ஒரு வேலைக்காரர் அப்படி வாய்விட்டுச் சொன்னது எனக்கு ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது. பயம் எனக்கு மட்டும் இல்லையே.

மறுநாள் கெம்பம்மா வந்தாள். மறந்திருக்க மாட்டாய். ஏரிக்கு அந்தப் பக்கம், தாழ்வான தெருவில் இருப்பவள். தன் பிள்ளைகள் எல்லோரையும் உன் அறையில்தான் பெற்றாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். பின்னால் தெருவே நின்றது.

“அக்கா, மனெயெல்லா நீரு,” என்றாள். வீடு முழுக்கத் தண்ணீராம். மாமியாரைக் கட்டிலில் ஏற்றி, கட்டிலைச் செங்கல்மேல் ஏற்றி வைத்திருக்கிறாளாம். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கோடி வழிந்தும் போதாமல் தெருவுக்குள் ஏறிவிட்டது. மதகைத் திறக்கச் சொல்லி முனிசிபாலிட்டிக்குப் போகிறோம், நீங்களும் வந்து நாலு வார்த்தை பேசுங்கள், தண்ணீர் இறங்கினால் உங்கள் கரைக்கும் நல்லதுதானே என்று கன்னடத்தில் படபடவென்று சொன்னாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய்ப் பேசினேன். நான் பேசியதில் ஓவர்சியர் உடனே கிளம்பி வந்தார். முதலில் தாழ்வான தெருவைப் பார்த்தார். பிறகு நம் கரைக்கு வந்து, பூட்ஸோடு சேற்றில் இறங்கி, சாய்ந்த கம்பங்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழும் கலந்து பேசுவார்.

“நோடி அம்மா, பாருங்க, மதகைத் திறந்தா முதல்ல போறது உங்க கரைதான்.”

“எப்படி? தண்ணிதானே அரிக்குது?”

“அரிக்குது, சரி. ஆனா அதே தண்ணிதான் வெளியிலேருந்து சாய்ஞ்சு கரையைத் தாங்கிக்கிட்டும் இருக்கு. கெரே, இந்த ஏரி, சீக்கிரம் இறங்கிடும். உங்க மண்ணு குடிச்ச தண்ணி அவ்வளவு சீக்கிரம் இறங்காது. தாங்கல் போயிடும், பாரம் அப்படியே நிக்கும். ஒரே வழுக்கா வழுக்கிடும். அந்த ரூம் மட்டும் இல்லை, உங்க பின்கட்டும் சேர்ந்து.”

“திறக்காம இருந்தா?”

“அந்த ரஸ்தெயில, தாழ்வான தெருவுல, எல்லாம் மண்சுவர். ஊறி விழுந்தா உள்ளே ஆள் இருக்கும்.”

கெம்பம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்தாள். ‘கொஞ்சம் பொறுங்கள், திறக்காதீர்கள்’ என்கிற சொல் என் நாக்கின் நுனியில் நின்றது, அக்கா. நான் வாயைத் திறந்திருந்தால் அவர் ஒருவேளை கேட்டிருப்பார். நான் உத்தியோகஸ்தி, ரோட்டைப் பார்த்த கல்வீட்டுக்காரி. அவள் சேற்றில் நிற்கிறவள். நீ என்ன சொல்லியிருப்பாய்? யோசித்திருக்கவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் யோசித்தேன்.

“எப்ப திறப்பீங்க?” என்றுதான் கேட்டேன்.

“நாளைச் சாயங்காலம். அதுக்கு மேல தள்ள முடியாது. அதுக்குள்ள மேல இருக்கிற பாரத்தை எடுத்து அடியில வெக்கணும். அடியில கனம் இருந்தா மேல் மண்ணு முன்னால வராது.”

“பாரம்னா?”

அவர் உன் அறையைப் பார்த்தார். மாதப்பனும் பார்த்தார்.

“இந்தச் சேத்துல கல்லு வண்டி உள்ளே வராதும்மா. வேணுங்கிற கல்லு இங்கேயே இருக்கு. அதுதான் பாரமும்,” என்றார் ஓவர்சியர்.

அது என் அக்காவின் அறை என்று சொன்னேன். தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த ஒரு செய்கைக்காகவே அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கழற்றாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அத்தானிடம் சொல்ல வேண்டுமே. நான் எந்த வார்த்தையில் ஆரம்பித்தேன் என்றுகூட நினைவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

“எஸ்தர் கட்டினது. பக்கத்துலயே நின்னு, கொத்தனுக்குக் காப்பி ஊத்திக் குடுத்துக் கட்டினது. இதை இடிக்க நீ யாரு?”

“நான் அவ தங்கச்சி அத்தான்.”

“தங்கச்சின்னா? நான் இங்கேயே இருந்துக்கிறேன். போனா இதோட போறேன். உனக்கென்ன நஷ்டம்?”

“அவ கல்லறைத் தோட்டத்துல இருக்கா அத்தான். இங்க இல்ல.”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, தானே எழுந்து வந்து என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சாப்பாடு கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். ஐயரைக் கூட்டிவந்தேன். ஐயருக்கு உள்ளிருந்தே ஒரு தோத்திரம் சொல்லி அனுப்பிவிட்டார். கெம்பம்மா ஜன்னல் பக்கம் போய், “அய்யா, எஸ்தரம்மா இருந்திருந்தா இந்நேரம் உங்களைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளியிருப்பாங்க” என்றாள். “ஹோகம்மா, போ!” என்று உள்ளிருந்து ஒரு அதட்டல். போய்விட்டாள். அவள் வீட்டில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் மாதப்பனும் ஆட்களும் கடப்பாரையோடு வந்து முற்றத்தில் நின்றார்கள். கதவு திறக்கவில்லை. ஆள் உள்ளே இருக்கும்போது கூரையில் கை வைக்க முடியுமா? நான் கதவில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. நேரம் போகிறதே, நேரம் போகிறதே என்று அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

அப்போது சுவர் முனகியது, அக்கா. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. வலி வருவதற்கு முன்னால் பெண்கள் உள்ளுக்குள்ளே ஒரு சத்தம் எழுப்புவார்களே, அந்த மாதிரி. உள்ளே காரை பொலபொலவென்று கொட்டியது. கட்டில் இழுபடுகிற சத்தம். பிறகு தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். கதவு மட்டும் திறக்கவில்லை. நிலைக்கல் சாய்ந்து கதவைக் கவ்விக்கொண்டது.

“சாராள்! சாராள்! கதவு வரமாட்டேங்குது! சாராள்!”

இதோடு போகிறேன் என்றவர் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. மாதப்பன் ஒரே பாய்ச்சலில் ஜன்னலுக்குப் போனார். “மாதேசா” என்று தன் சாமியைக் கூப்பிட்டுக் கடப்பாரையைப் போட்டு ஒரு நெம்பு நெம்பினார். கம்பிகள் காரையோடு பெயர்ந்து வந்தன. அத்தானின் தலை முதலில், பிறகு தோள், அது ஜன்னலில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பாடு, பிறகு ஒரு வழியாக முழு ஆளும் எங்கள் கைகளில் வந்து விழுந்தார். பழைய ரயில்வே கோட்டும், கக்கத்தில் தலையணையும். உன் அறையில் கடைசியாகப் பிறந்தது உன் புருஷன்தான். அந்த நடுக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டிருப்போம்.

அவர் சிரிக்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

பிறகு வேலை நடந்தது. முதலில் கூரைப் பலகைகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அதற்குப் பிறகு சுவர். கல்லைப் பெயர்த்துக் கை மாற்றிக் கை மாற்றிச் சரிவின் ஓரமாகக் கீழே அனுப்பினோம். மாதப்பனின் ஆட்கள் போதவில்லை. தாழ்வான தெருவிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். நான் நன்றி சொல்லப் போனபோது கெம்பம்மா, “நன்றியெல்லாம் எதுக்கக்கா, இது சீக்கிரம் முடிஞ்சாத்தானே மதகு திறக்கும்” என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. உன் கையில் பிள்ளை பெற்ற நன்றிக்காக வந்தோம் என்று சொல்லியிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன்.

ஓவர்சியர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இது இங்கே, அது அங்கே என்று கை காட்டினார். முதலில் விறகுக்கட்டுகளையும் மணல் நிரப்பிய கோணிப்பைகளையும் அழுத்தினார்கள். அதன்மேல் உன் சுவர். பெரிய கல் அடியில், சின்னக் கல் இடுக்கில். நானும் சுமந்தேன். காரை உடைகிறபோதெல்லாம் உன் பினாயில் வாசனை வந்தது. அத்தனை வருஷம் நீ கழுவிக் கழுவி ஊற்றியது சுவருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லும் கீழே விழுகிற சத்தத்துக்குச் சமையலறையில் அத்தானின் தலை ஒருமுறை நிமிர்ந்து தாழ்ந்தது.

ஜன்னல் பக்கத்துச் சுவரை எடுக்கும்போது அவர் எழுந்து பின்வாசற்படிவரை வந்தார். “அந்த ஜன்னல் கல்லை உடைச்சிராதீங்கப்பா. முழுசா எறக்குங்க” என்று மட்டும் சொன்னார். முழுசாகத்தான் இறக்கினார்கள். அது எல்லாவற்றுக்கும் முன்னால், தண்ணீருக்குள் போயிற்று.

சாயங்காலம் மதகைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் பெரிய கஷ்டம். கல் சுமக்கிற வரைக்கும் மனசுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. ஐயர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் படுத்தேனா என்று கேட்காதே.

காலையில் ஏரி நன்றாக இறங்கியிருந்தது. துவைக்கிற கல் வெளியே தெரிந்தது. கொய்யா மரம் வேரோடு வழுக்கித் தண்ணீரில் கிடந்தது. குளியலறை மூலை உடைந்து தொங்கியது. படி இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது. எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கல்வரிசை சற்றே முன்னால் பிதுங்கியது. நின்றது. மறுபடி பார்த்தோம். நின்றது. மத்தியானம்வரை பார்த்தோம்.

“புடிச்சுக்கிச்சுங்க,” என்றார் மாதப்பன்.

வீடு நிற்கிறது, அக்கா. அப்பா கட்டிய பின்கட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை. தாழ்வான தெருவும் வடிந்துவிட்டது. அங்கே சில சுவர்கள் விழத்தான் விழுந்தன, ஆனால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெம்பம்மாவின் மாமியார் கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள்.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்ததே, பிறகென்ன என்கிறாயா? எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து நூல் கட்டி வைத்திருக்கிறார்கள். நூல் தளர்கிறதா இழுக்கிறதா என்று பார்க்க எழுந்து எழுந்து போகிறேன். இதை எழுதும்போதே போய்வந்தேன். நூல் அப்படியேதான் இருக்கிறது. அது அப்படியே இருப்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓட்டில் தூறல் விழுந்தால் ஊசி விரலில் ஏறிவிடுகிறது. பெண்கள் சிரிக்கிறார்கள்.

இடிக்காமலே இருந்திருந்தால் கரை நின்றிருக்குமோ? ஓவர்சியரிடமே கேட்டுவிட்டேன். “சொல்ல முடியாதும்மா. நின்னிருக்கலாம்” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்சம் தெரிந்திருந்தால் என்ன?

அத்தான் என்னோடு பேசுவதில்லை. முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். அதை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்துகிறார், மறுபடி இழுக்கிறார். ஒருமுறை மட்டும், என்னிடம் இல்லை, வெறும் காற்றிடம், “இந்த வீட்டுல எங்க உக்காந்தாலும் ரோடுதான் தெரியுது” என்றார். விடிகிற நேரத்தில் பின்முற்றத்துக்குப் போய், கதவு இருந்த இடத்தில் நிற்கிறார். பக்கத்தில் போகலாமா, வேண்டாமா? நான் அடுப்படி ஜன்னலிலிருந்தே பார்த்துக்கொண்டு

இந்த இடத்தில் எழுதுவது நின்றுவிட்டது. மறுநாள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. போய்ப் பார்த்தேன். யாரோ கிராமத்துக்காரர்கள், முன்பின் பார்த்ததில்லை. வண்டிக்குள் ஒரு சின்னப் பெண், நிறைமாதம். அவளைத் தாங்கிக்கொண்டு அவள் தாய்.

“எஸ்தரம்மா மனெ இதேனா?” என்று அந்தத் தாய் கேட்டாள்.

நீ காலமாகி இத்தனை நாளாகியும் அந்தச் செய்தி அவர்கள் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. நான் கன்னடத்தில் சொன்னேன். அக்கா இல்லை, தவறிவிட்டாள். அந்த அறையும் இப்போது இல்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, நான் தையல் டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இப்படியே நேராக. சொல்லச் சொல்ல அந்தப் பெண் வண்டியின் முளைக்குச்சியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். கண் எங்கேயோ போயிற்று. ஆஸ்பத்திரிவரை தாங்காது என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. “என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? உள்ள கூட்டிட்டு வா.”

அத்தான். தன் கட்டிலில் இருந்த போர்வையை அவரே உருவிப் போட்டுவிட்டு, துவைத்த விரிப்பு எங்கே என்று என்னை அதட்டினார். எல்லாம் உன் அதட்டல். பிறகு அதே வண்டியில் ஏறி, வண்டிக்காரனை “ஓட்டுய்யா, ஓட்டு” என்று விரட்டி, நர்ஸம்மாவைக் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். போகிற வழியில் கெம்பம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவள் ஓடி வந்தாள். நான் வெந்நீர் வைத்தேன், கையைக் கொடுத்தேன். அந்தப் பெண் பிடித்த பிடியில் என் விரல்கள் இன்னும் வீங்கியிருக்கின்றன. நர்ஸ் வந்து இறங்குவதற்குள் குழந்தையைக் கெம்பம்மா ஏந்திவிட்டாள். நர்ஸம்மா வந்ததும் வெந்நீரைக் குறை சொன்னாள், துணியைக் குறை சொன்னாள், எங்கள் நகங்களைக் குறை சொன்னாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

பெண் குழந்தை. தாயும் சுகம்.

வெளியே வந்தேன். அத்தான் ரோட்டில் தூறலில் நின்று மாட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அழுதுச்சா?” என்று கேட்டார். இத்தனை நாளில் அதட்டாமல் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

“நல்லா அழுதுச்சு அத்தான். கேக்கலையா?”

“மழைச் சத்தத்துல கேக்கல.”

உள்ளே வந்து கதவோரமாக நின்று காது கொடுத்தார். அது மறுபடி அழுகிறவரைக்கும் நின்றார். பிறகு அடுப்படியில் பாயை விரித்துக்கொண்டு, முதுகு வலிக்கிறது, இந்த வீட்டில் ஒரு மனுஷனுக்குப் படுக்க இடமில்லை என்று புலம்பினார். புலம்பட்டும். பேசுகிறாரே.

மேகம் மறுபடி கூடுகிறது. நூலைப் பார்க்க எழுந்து போகத்தான் போகிறேன். அதற்கு முன்னால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கரையின் விளிம்பில் இனி ஒரு கல்லும் ஏறாது. அத்தான் கேட்டாலும் சரி, கண்ணீர்விட்டாலும் சரி. நீயே கனவில் வந்து அதட்டினாலும் விடமாட்டேன். ஆனால் முன்னறைக் கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, துவைத்த விரிப்பை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நர்ஸம்மாவிடமும் பேசிவிட்டேன், கூப்பிட்டால் வருகிறேன் என்றாள். இனிமேல் வாசலில் வண்டி வந்து நின்று, எஸ்தரம்மா வீடு இதுதானா என்று யாராவது கேட்டால், இதுதான், இறங்குங்கள் என்று சொல்வேன்.

நீ அதட்டி வளர்த்த உன் தங்கை,
சாராள்